பத்மினி ஜெயித்த நாள்

எங்கள் வீட்டில் கட்சி இரண்டு. பெரியப்பா அம்பாசடர், அப்பா பத்மினி. ஊரே மாருதிக்கு மாறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், மந்தைவெளியில் ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணனும் தம்பியும் பழைய கார்களைக் கழுவிக்கொண்டே ஞாயிறுதோறும் மல்லுக்கு நிற்பார்கள்.

"உன்னுது சோப்பு டப்பாடா" என்பார் பெரியப்பா.

"உன்னுது ரோடு ரோலர்ண்ணா" என்பார் அப்பா.

நான் சும்மா இருப்பேனா? நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதிவந்தேன். அவர்களுக்கு ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சி.சி., எங்களுக்கு ஆயிரத்து எண்பத்தொன்பதுதான். சரி, இன்ஜின் அவர்களுக்கு. மைலேஜ் எங்களுக்கு. பின்சீட்டு இடம் அவர்களுக்கு. பிக்கப்பில் பேச்சே கிடையாது: லஸ் சிக்னலில் பச்சை விழுந்ததும் அப்பா பறந்துவிடுவார், பெரியப்பா அப்போதுதான் கியரைத் தேடுவார். அடுத்தவர் வண்டியில் ஏறினால் தோற்றதாக அர்த்தம். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த வருஷம் அம்மா படுத்துவிட்டாள். அடையாறு ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் அப்பா பத்மினியில்தான் கூட்டிப்போவார். ஒரு காலையில் அம்மாவால் உட்காரவே முடியவில்லை. அப்பா நேராகப் போய்ப் பெரியப்பாவிடம் அம்பாசடரைக் கேட்டார்.

எனக்கு மானமே போய்விட்டது. கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். "நம்ம வண்டிலயே போலாம்ப்பா! அதான் சீக்கிரம் போவும்!"

"கால நீட்டிப் படுக்கணும்டி கண்ணு, வழி விடு" என்றாள் அம்மா. விட்டேன். ஆனால் அவள் பின்சீட்டிலிருந்து கையைத் தூக்கியபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானம் பெரியப்பா மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெரியம்மாவிடம் ஏதோ சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நோட்ட எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்து வந்தேன்.

"எழுதிக்கோ. பத்மினிதான் ஒசத்தி."

"பின்சீட்டு?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

"உங்க சீட்டுதானே பெருசு பெரியப்பா?"

"எழுதுடி."

நான் தயங்கவே, அவரே பேனாவைப் பிடுங்கித் தன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை அடித்துவிட்டார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு என்று கத்திக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி ஓடினேன். யாருமே அதட்டவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்து, பத்மினியைத் தெருவுக்குத் தள்ளி வாசலைக் காலி செய்தார்கள். ஒருவர் பெஞ்சைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். ஜெயித்த வண்டியை ஊர்கோலம் விடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா வந்ததும் முதலில் அவளிடம்தான் காட்ட வேண்டும் என்று, நோட்டை விரித்துப் பிடித்தபடி கேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டேன்.