கனடாவில் ஒரு கிராமம், எசனில் ஒரு பரப்பு

கூரையில் ஒட்டிய தார்த்தாள் வெயிலில் இளகும் மணமும், அப்போதுதான் பிடுங்கிப் போட்ட வெங்காயத்தின் மணமும் கலந்து மூக்கில் பட்டால், இன்றைக்கும் எனக்குக் கனடாதான் நினைவுக்கு வருகிறது. கனடாவை நான் கண்டதே இல்லை. ஜெர்மனியின் எசன் நகரில், ரயில் பாதையோரம் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த சிறு தோட்டத்துப் பலகைக் குடிலில் இருந்துதான், நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய அந்த நாட்டை ஒரு கோடை முழுவதும் வாசித்துத் தீர்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எனக்குப் பதினொரு வயது. எங்கள் மாடிக்கட்டடத்தில் தளத்துக்குத் தளம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இருந்தன; ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அவை ஒவ்வொன்றாக லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலமும் அதுதான். டொரொண்டோவில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, குடும்பத்தோடு இருந்தார். பெரியப்பாவின் கடையில் அப்பாவுக்கு வேலை இருக்கிறது, ‘ஸ்பொன்சர்’ பண்ணுகிறோம், கோடை முடியுமுன் ஒரு முடிவைச் சொல்லுங்கோ என்று அவர் கேட்டிருந்தார். அம்மா மனதளவில் எப்போதோ பெட்டி கட்டிவிட்டார். எனக்கோ பள்ளிக்கூடத்தையும் என் சிநேகிதியையும் விட்டுப் போக அறவே விருப்பமில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் குடிலைத் துப்புரவாக்கி, வேண்டியவர்கள் எடுக்கலாம் என்று வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதற்குள் கிடந்த தடித்த புத்தகத்தை, அட்டையில் மாடும் கலப்பையும் இருந்த ஒரே காரணத்துக்காக அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் விடியப்புற வேலை பார்த்த அவருக்கு அலுவலகக் கடிதம் வாசிக்குமளவு ஜெர்மன் தெரியும், புத்தகத்துக்குக் காணாது. நான் பார்த்துச் சொன்னேன்: ஜெர்மன்காரர் சிலர் கனடாவுக்குக் கப்பலேறிக் காட்டுக்குள் அமைத்த ஒரு சிறு கிராமத்தின் வரலாறு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தினை சனம் இருந்ததாம்? வீடு என்னத்தாலை? என்ன பயிர்?”

அன்றிலிருந்து மாலைதோறும் அவர் பாத்தியில் நிற்க, நான் குடில் வாசலில் இருந்து ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டியதாயிற்று. முதலில் வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான்; பிறகு சில நூறு பேரும், ஒரு மா அரைக்கும் ஆலையும், தேவாலயமும், பள்ளிக்கூடமும் வந்தன. “தவறணை இல்லையோ? கொப்பர் பிறகு எப்பிடி அங்கை போறது?” என்று அம்மா அப்பாவைக் கண்ணால் காட்டிக் கேட்டார். பக்கத்தைப் புரட்டினால் சாராயக்கடையும் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

மரங்களைத் தறித்துக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, இடைவெளிக்குள் களிமண் அப்பிய ஒற்றை அறை வீடுகள் என்று வாசித்தேன். “மண்வீடுதானே, நாங்களும் மண்வீட்டிலைதான் பிறந்தனாங்கள்” என்றார் அப்பா. நூறு ஏக்கர் என்று வாசித்ததும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, ஊர்க் கணக்கில் பெருக்கிப் பார்த்து, “ஆயிரத்து அறுநூறு பரப்பு” என்றார். அன்று வேறு வேலை நடக்கவில்லை. எங்களுடையது ஒரு பரப்புக்குக் கொஞ்சம் கூட. வசந்தம் வந்து உறைபனி இளகும்போதெல்லாம் நிலத்திலிருந்து புதுக் கற்கள் கிளம்புமாம், அவற்றைப் பொறுக்கிய பிறகுதான் உழவாம். அதைக் கேட்டதும் முன்பின் தெரியாத அந்த மனிதர்கள் அப்பாவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். ஊரில் அவரும் கல்லைக் கிண்டி எடுத்துவிட்டுத்தான் வெங்காயம் நட்டவர். பனியில் மாடு செத்ததையும், முதல் மாரிக் குளிரில் பிள்ளைகள் காய்ச்சலில் போனதையும் நான் வேண்டுமென்றே உரத்து வாசித்தேன். மனிதர் பயப்படுவார் என்று பார்த்தால், கண் கலங்கி, அடுத்த வருடம் விளைச்சல் எப்படி என்று கேட்டார்.

பிறகு வேலிக் கதை வந்தது. அந்தக் கிராமத்தார் ஆணியே இல்லாமல், பிளந்த மரங்களை வளைந்து வளைந்து அடுக்கி வேலி போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனிதரிடம் இதைச் சொல்லலாமா? இடுப்பளவுச் செடிவேலிக்கு மேலால் தன் கத்தரிக்காயை ஊரே பார்க்கிறது என்பது அப்பாவின் நெடுநாள் மனக்குறை. இரண்டு கிழமைக்குள் பழைய பலகைகளைப் பொறுக்கி, வழியால் போகிறவரின் தலைமயிர் மட்டும் தெரியும் உயரத்துக்கு அவர் வேலி எழுப்பிவிட்டார். தோட்டச் சங்கத் தலைவர் அளவுநாடாவோடு வந்து, இங்கே வேலி இடுப்புக்கு மேலே போகக்கூடாது, கழற்றாவிட்டால் தோட்டமே போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். “வேலியில்லாத காணியும் ஒரு காணியோ எண்டு கேள் பிள்ளை” என்றார் அப்பா. நான் கேட்டேன். தலைவர் கொஞ்சம் யோசித்து, காணி உங்களுடையது இல்லையே என்றார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் வேலியைக் கழற்றிப் பயற்றங்கொடிக்குப் பந்தல் போட்டார்.

அதோடு அவர் மனம் கனடாப் பக்கம் சாய்ந்தது. “காணி எடுக்கலாமெண்டா வாறன்” என்று பெரியம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். “காணியோ? பின்வளவிலை நாலு தக்காளி வைக்கலாம், வரச்சொல்லு” என்று பெரியம்மா தொலைபேசியில் சிரித்தது எனக்கும் கேட்டது. அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

கடைசி அத்தியாயம் ஒரு மழைநாளில் வந்தது. மூவரும் குடிலுக்குள் இருந்தோம். மேற்கே கல்லில்லாத புது நிலம் கிடைக்கிறதென்று முதலில் இளம் ஆட்கள் போனார்கள், பிறகு குடும்பங்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். உழுத நிலத்தில் திரும்பவும் காடு முளைத்தது.

“திருப்பி வாசி” என்றார் அப்பா. வாசித்தேன்.

“உவ்வளவு கல்லையும் பொறுக்கிப்போட்டு, விட்டிட்டுப் போயிட்டினமோ?”

மழை விட்டபிறகு அவர் அம்மாவைப் பார்த்து, “இஞ்சேரும், நாங்கள் வரேல்லை எண்டு உம்மட அக்காவுக்குச் சொல்லும். வீடு, கிணறு, தோட்டம் எல்லாத்தையும் ஒருக்கா விட்டிட்டு வந்தனான். இன்னொருக்கா எனக்கு ஏலாது” என்றார்.

எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை அடங்கிவிட்டது. அன்று மாலை டெலிபோன் அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தி, “ஓம் அக்கா, நாங்கள் வரேல்லை. எனக்கும் இஞ்சை பழகிப்போச்சு” என்றார் அம்மா. அப்பாவின் பேரை இழுக்கவே இல்லை.

இப்போது நான் ஹனோவரில் வேலை பார்க்கிறேன். ரயில் பாதையோரத் தோட்டங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அப்பாவின் விவசாயம் பல்கனியில் ஆறேழு சாடிகளுக்குள் ஒடுங்கிவிட்டது. எங்கள் கட்டடத்து அழைப்புமணிப் பலகையில் மிஞ்சியிருக்கும் தமிழ்ப் பெயர் என் பெற்றோருடையது மட்டுமே. சென்ற மாரியில் பெரியம்மா காலமானார். நான் எசனுக்குப் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தச் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். முடிந்ததும் அப்பா நிலத்தைப் பார்த்தபடி, “அண்டைக்குப் போயிருக்கலாம். அக்காவோடை இருந்திருப்பீர்” என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் கையைக் காட்டினார்.

“எல்லாரும் போனா, பிள்ளை வந்து நிக்க ஆருடைய வீடு இருக்கு?”