சிம்லாப் பணமும் சம்பந்தியம்மாவும்

மகளுக்குக் கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகியும், நானும் சம்பந்தியம்மாவும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். "நல்லா இருக்கீங்களா?" என்று நான் கேட்பேன். "இருக்கோம். நீங்க?" என்பார். "இருக்கோம்" என்பேன். பிறகு போன் தானாக ஆண்கள் கைக்குப் போய்விடும். அவர்களுக்குப் பெரம்பலூர் பக்கம், எங்களுக்கு அரியலூர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். இருந்தும் நாங்கள் அங்கே போனதில்லை, அவர்களும் இங்கே வந்ததில்லை.

காரணம் கல்யாணப் பந்தி. மாப்பிள்ளையின் அம்மா இலை முன் உட்கார்ந்தவர், பாயசத்தை மட்டும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். மண்டபத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டோவில்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லை, எங்களையே பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

இது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரிந்தே இருந்தது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்தபோது, "நாலு பேரும் ஒண்ணா எங்கயாச்சும் போயிட்டு வாங்க, அப்பத்தான் பழகுவீங்க" என்று பிடிவாதமாகச் சிம்லாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். தங்கும் அறையும் சுற்றிப் பார்க்கக் காரும் ஒரு சுற்றுலாக் கம்பெனி மூலம். மகள் என் போனில்தான் பதிவு செய்தாள். பணம் சம்பந்தியம்மாவின் பேங்க் கார்டிலிருந்து போனது. அந்த பேங்க் கார்டுக்கு ஏதோ தள்ளுபடி இருந்ததாம். எங்கள் பங்கை அவருக்கு அனுப்பி வைத்தோம்.

"பனியப் பாக்கணும்னா நம்மூட்டு ஃபிரிட்ஜத் தொறந்து பாரேன்" என்றார் என் கணவர். சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர், லீவு போடுவதென்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சம்பந்தி ஐயாவும், "வெங்காயம் போட்ட நேரத்துல எங்கங்க வர்றது" என்று இழுத்தாராம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஆசை. மலை என்றால் நான் பச்சைமலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அதற்குள் கொரோனா வந்துவிட்டது. ரயில் நின்றது, பஸ் நின்றது, ஆலையே நின்றது. எங்கள் கொல்லை முருங்கையின் இலை சிமெண்ட் தூசு படியாமல் அப்படியொரு பச்சையாக இருக்கும் என்று அப்போதுதான் கண்டேன். ரயில் டிக்கெட் பணம் கேட்காமலே திரும்பி வந்தது. சுற்றுலாக் கம்பெனி மட்டும், பணம் கிடையாது, வவுச்சர் தருகிறோம், ஒரு வருடத்துக்குள் போய் வாருங்கள் என்று மெசேஜ் அனுப்பியது.

"விடும்மா, எங்களுக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல இருக்கு" என்றாள் மகள். எனக்கு விட மனமில்லை. நானே கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஓர் எண்ணை அமுக்கச் சொல்லி, பல எண்களை அமுக்க வைத்து, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

சொன்னேன்.

"கார்டு யாரோடது மேடம்? அவங்க லைன்ல வந்து கடைசி நாலு நம்பர் சொல்லணும்."

இப்படித்தான் மாட்டினோம். ஓடிபி அரியலூருக்கு வரும், கார்டு பெரம்பலூரில் இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால்தான் அந்தப் பெண் பேசுவாள். மகளிடம் கேட்டு கான்ஃபரன்ஸ் போடக் கற்றுக்கொண்டேன். தயங்கித் தயங்கிச் சம்பந்தியம்மாவை அழைத்துச் சொன்னேன்.

"போடுங்க, பேசுவோம்" என்றார். மறுபேச்சில்லை.

காலைச் சமையல் முடிந்ததும் போன் போடுவோம். ஓடிபி சொல்வேன், அவர் நாலு எண்ணைச் சொல்வார், "மேலதிகாரியக் கேட்டுச் சொல்றேன், ஹோல்டுல இருங்க மேடம்" என்று அந்தப் பெண் போய்விடுவாள். பிறகு ஒரு புல்லாங்குழல் ஊதும். ஊதிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இருவரும் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தோம். இரண்டாம் முறை, "சமையல் ஆச்சுங்களா?" என்றார் அவர். அடுத்த முறை, எங்கள் வீட்டுப் பூண்டுக் குழம்பு எப்படி என்று கேட்டார். அதற்கடுத்த முறை கணவன்மார்கள் வீட்டிலேயே கிடப்பதன் தொல்லைகளைப் பேச ஆரம்பித்தோம். அதற்கு அந்தப் புல்லாங்குழல் போதவில்லை.

ஒரு நாள் பேச்சுவாக்கில், வேலூரிலிருந்து வந்த சமையல்காரர் கல்யாணத்தில் செய்த பாயசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் சாப்புடாம எந்திரிச்சது உங்களுக்கு வருத்தமா சம்பந்திம்மா?"

"அதெல்லாம் இல்லங்க…"

"இருக்கும். யாருக்கா இருந்தாலும் இருக்கும். அந்த வாரந்தாங்க புதுசாப் பல்செட் கட்டுனேன். பையன் கல்யாணத்துல நல்லாச் சிரிக்கலாம்னு கட்டுனது. அது ஆடிக்கிட்டே கெடந்துச்சு. வாயத் தொறந்தா இலையில வுழுந்துருமோன்னு பயம். சோத்தப் பெசஞ்சு வாயில வச்சுப் பாத்தேன், மேல்பல்லு கீழ வந்துருச்சு. யார்கிட்ட சொல்றது? பாயசத்தக் குடிச்சுட்டு ஓடியாந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். முதன்முதலாக அவர் சிரித்துக் கேட்கிறேன், ஆம்பிளைச் சிரிப்பு மாதிரி கணீரென்று. எந்த நேரத்தில் புல்லாங்குழல் நின்றதோ தெரியாது, "மேடம், லைன்ல இருக்கீங்களா? மேடம், ஏதாவது பிரச்சினையா?" என்று அந்தக் கம்பெனிப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

பதில் என்னவோ மாறவில்லை. ஓட்டல்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, அவர்கள் தராமல் நாங்கள் எப்படித் தருவது என்பதே ஒவ்வொரு நாளும் அவள் சொன்னது.

"அப்ப அந்த ஓட்டல்காரன்கிட்டயே கேட்டா என்னங்க?" என்றார் சம்பந்தியம்மா ஒரு நாள்.

"சிம்லாக்காரருங்க. இந்தில்ல பேசணும்?"

"பேசுவேன். எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தப்ப அம்பாலாவுல குடும்பம் நடத்துனவதான நானு."

சம்பந்தி ஐயா பட்டாளத்தில் இருந்தது தெரியும். இவரும் கூடவே அங்கே வாழ்ந்தது எனக்குத் தெரியாது. பதிவு மெசேஜில் ஓட்டலின் எண் இருந்தது. போட்டேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. அடுத்த நிமிடம் சம்பந்தியம்மா பொழியத் தொடங்கினார். எனக்குப் புரிந்ததெல்லாம் பையா, பைசா, பெரம்பலூர் என்ற மூன்று சொற்கள்தான். ஆனால் கேட்கக் கேட்க வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். கெஞ்சல் கிடையாது, சண்டையும் கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பேசுவது மாதிரி ஒரு பேச்சு.

பேசி முடித்து எனக்குத் தமிழில் சொன்னார். போனை எடுத்தவர் அந்த ஓட்டலின் மேனேஜராம். சமையல்காரர் ஒருவரைத் தவிர யாருமில்லாத ஓட்டலில் தனியாக இருக்கிறார். எங்கள் அறைப் பணத்தை அப்போதே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அப்புடின்னா அத அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லச் சொல்லுங்க!" என்றேன்.

மறுநாள் கான்ஃபரன்ஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம், அரியலூர், பெரம்பலூர், சிம்லா. கம்பெனிப் பெண் வழக்கம்போல் ஓட்டல்காரர்கள் இன்னும் தரவில்லை என்று தொடங்கினாள். சம்பந்தியம்மா இந்தியில் ஏதோ சொல்ல, மேனேஜர் பேசினார். "ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் அந்தப் பெண். புல்லாங்குழல். பிறகு கனத்த குரலில் ஒரு மேலதிகாரி வந்தார். மேனேஜர் அவரிடமும் சொன்னார். அதிகாரி இரண்டு முறை இருமினார்.

"முழுப் பணமும் அதே கார்டுக்கு வந்துரும் மேடம். சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"சிரமம் ஒண்ணும் இல்லங்க தம்பி" என்றார் சம்பந்தியம்மா. "நாங்க நல்லாப் பழகிட்டோம்."

அவர்கள் வைத்த பிறகும் மேனேஜர் வைக்கவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி, ஓர் அறைக் கதவைத் திறந்தார். எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறையாம் அது. ஜன்னலைத் திறந்து போனை வெளியே திருப்பினார். தேவதாரு மரங்கள், அவற்றுக்குக் கீழே மேகம். மேகத்துக்கு மேலே வீடு இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். "ஏங்க, ஓடியாங்க!" என்று நான் கத்தியதில், என் கணவர் சவரம் பாதியில் விட்ட முகத்தோடு ஓடிவந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஃபிரிட்ஜைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பணம் வந்தது. ஊரடங்கு தளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவும் ஐயாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். காலடியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். என் பங்குப் பணத்தை உறையில் போட்டு நீட்டியவரிடம், "அதான் போன்லயே அனுப்பலாம்ல" என்றேன்.

"அனுப்பிட்டா நான் எப்புடி வர்றது?" என்றார்.

பல்செட்டைச் சரிசெய்து கட்டியிருந்தார். நான் வைத்த கறிக்குழம்பில் இரண்டாம் முறை சோறு வாங்கினார். எலும்பைக்கூட விடவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னங்க, கண்ணு வைக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து சிம்லாவுக்குப் போனோம். கம்பெனி எதுவும் நடுவில் இல்லை. சம்பந்தியம்மாவே மேனேஜரைக் கூப்பிட்டு அறையைச் சொல்லி வைத்தார். பிறகு அரியலூர் ஸ்டேஷனில் நால்வரும் ரயில் ஏறினோம். போய் இறங்கினால், அந்த மேனேஜருக்கு எங்கள் பிள்ளைகள் வயதுகூட இருக்காது. வீடியோவிலும் அவர் முகத்தைக் காட்டாததால், குரலை வைத்து நடுத்தர வயது ஆள் என்று நினைத்திருந்தோம். அவர் குனிந்து காலைத் தொட வந்தபோது சம்பந்தியம்மா பதறி இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

வரமாட்டேன் என்று அடம் பிடித்த ஆண்கள்தான் அங்கே எங்கள் கையில் சிக்கவில்லை. காலையில் எழுந்தால் படுக்கை காலியாக இருக்கும். தேடிக்கொண்டு போனால், ஓட்டலுக்குக் கீழே சரிவிலிருந்த ஆப்பிள் தோட்டத்தில் சம்பந்தி ஐயா மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, மரத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று தோட்டக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருப்பார். என் கணவர் பக்கத்துப் பாறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இன்னும் நாலு நாள் லீவு கேட்டு ஆலைக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்.