உள்ளங்கையில் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் குழம்பு கொதித்ததும் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். நக்கிப் பார்த்து, உப்பு சரியென்று நான் சொன்ன பிறகுதான் சட்டி இறங்கும். எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பதவி அது.

எழுபதுகளின் நடுவில் என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். ஒரு கல்லை நாக்கில் வைத்தே உப்பு கசக்குமா, கசக்காதா என்று சொல்லிவிடுவார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் விட்டு டயாலிசிஸ் செய்தார்கள். மாமி இல்லாததால் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உப்பு கூடாது, கருவாடு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான்.

அதன்பின் அம்மாவுக்கு என் ஞாபகமே இல்லை. உப்பு பார்க்கவும் கூப்பிடவில்லை. மாமாவுக்குத் தனிச் சட்டி. ஆஸ்பத்திரியில் சொன்னபடி உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பாள். முட்டையில் வெள்ளைக்கரு அவருக்கு. மஞ்சள்கரு எனக்குத்தான் வந்தது. அதைத் தின்றுகொண்டேதான் எனக்கு வயிறு எரிந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். எங்களுக்கான மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பருகே மாமா கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“உப்பு பாருண்ணா,” என்று அம்மா அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். “இன்னும் ஒரு கல்லு போடு,” என்றார்.

என் பதவி போயிருந்தது. அதுவும் உப்பே தின்னக்கூடாதவரிடம்.

அப்பா வந்ததும், “அம்மா டெய்லி மாமாவுக்கு மீன்கொழம்பு குடுக்குது,” என்றேன். டெய்லி என்பது நானாகச் சேர்த்தது.

“அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் இன்னாத்துக்கு அலையறேன்?” என்று அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சொட்டுதாங்க,” என்றாள் அம்மா. ஆனால் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் குழம்பு கொதித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். ஓடினேன். மாமாவுக்குக் கேட்கட்டும் என்றே சப்புக்கொட்டி நக்கினேன்.

சுவரோரம் படுத்திருந்தவர், “உப்பு சரியா இருக்குதாம்மா?” என்றார்.

“சரியா இருக்குது மாமா.”

“எப்படி இருக்குது?”

சரியாக இருக்கிறது என்ற பிறகும் என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. “உப்பா இருக்குது,” என்றேன்.

உயிரோடு இருந்தவரை தினமும் அதையே கேட்டார். என் வேலையைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நாளுக்கு நாள் பதிலைச் சுருக்கிக்கொண்டே வந்தேன்.