அண்ணாவின் மற்றக் காது

அந்தச் சப்பாத்துகள் கறுப்பு நிறம். கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம், இறுக்கிக் கட்டும் நீளமான நாடா. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டு வாசலில், அம்மாவின் செருப்புக்கும் என் பள்ளிச் சப்பாத்துக்கும் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவை இருந்தன. தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அப்பா கதவைத் திறந்தார். அவற்றைக் கண்டதும் உள்ளே கால் வைக்கவில்லை. திரும்பிப் போய்க் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மா போய்க் கண்ணாடியில் தட்டியபோது, "ஆமிக்காரன்ர சப்பாத்து என்ர வாசலில கிடக்குமட்டும் நான் உள்ள வரமாட்டன்" என்றார். அந்த ஆமிக்காரன் என் அண்ணா. டென்மார்க் இராணுவத்தில் சேர்ந்து, முகாமிலிருந்து முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பற்றி அப்பா எங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்தான். "வாசலில சப்பாத்துச் சத்தம் கேட்டது, அதுக்குப் பிறகு தம்பி இல்லை." சித்தப்பாவின் படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. அண்ணாவுக்கும் இது தெரியும். இங்கே பதினெட்டு வயதில் இராணுவத்துக்குச் சீட்டு இழுக்கும் வழக்கம் உண்டு. அண்ணாவுக்குப் போகத் தேவையில்லாத எண் வந்தது. அப்பா அன்று கடைக்குப் போய் இனிப்பு வாங்கி வந்தார். இரண்டு கிழமை கழித்து அண்ணா தானாகவே விண்ணப்பம் போட்டார். ஏன் என்று அம்மா அழுதபடி கேட்டபோது, வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னார்: "போக ஓரிடமும் இல்லாமல் நின்ற உங்களை இந்த ஊர் சேர்த்துக்கொண்டது. என் பங்குக்கு நான் எதையாவது செய்ய வேண்டாமா?" அதன்பிறகு அப்பா பல வருடங்கள் அண்ணாவுடன் கதைக்கவில்லை.

அண்ணாவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது பாட்டுக்காரனாகத்தான். பள்ளி விடுமுறைகளில் பன்றிப் பண்ணை ஒன்றில் வேலை செய்தார். அங்கே கொட்டகையில் நாள் முழுக்க ஓடிய வானொலியில் அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரிப் பாட்டுகள். எங்கள் ஜட்லாந்துப் பகுதி விவசாயிகளுக்கு அவற்றில் தனிப் பிரியம். நெடுஞ்சாலை, லொறி, விட்டுப் போன காதலி, திரும்ப முடியாத வீடு. பழைய சாமான் கடையில் ஒரு கிற்றார் வாங்கித் தானே பழகினார். இருபது வயதுக்குள் நான்கு பேர் கொண்ட குழுவின் பாடகர் அவர்தான். கவுபோய்த் தொப்பி போட்ட கறுத்த மெலிந்த பையனைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், பாடத் தொடங்கியதும் கிளாசை மேசையில் வைத்துவிடுவார்கள். கிற்றாரை முகாமுக்கும் கொண்டு போனார். பிறகு இராணுவம் அவரை அனுப்பிய பாலைவன நாட்டுக்கும் அது கூடவே போனது.

அங்கே வீதியோரம் புதைத்திருந்த குண்டொன்று அவர்கள் வாகனத்துக்கு அருகில் வெடித்தது. அண்ணா தப்பிவிட்டார், ஆனால் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் ஓயாத ஓர் இரைச்சல். ஓல்போர்க் நகர ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதித்த டாக்டர், போன காது திரும்பாது என்று தெளிவாகச் சொன்னார். அப்போது நான் அங்கே தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன், அருகில் இருந்தேன். அண்ணா கேட்டது ஒன்றே ஒன்று: "பாடலாமா?" "பாடலாம். சரியாகப் பாடுகிறீர்களா என்று உங்களுக்குத்தான் தெரியாது" என்றார் டாக்டர்.

அது உண்மையாகிவிட்டது. தனியாகப் பாடினால் ஓரளவு சமாளித்தார். டிரம்ஸும் மற்றக் கிற்றாரும் சேர்ந்ததும் தன் குரல் அவருக்கே கேட்காமல் போனது, சுருதி இறங்கியது. இரண்டு கச்சேரிகளுக்குப் பிறகு குழுவினர் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்து, தலையைக் குனிந்தபடி, வேறு பாடகர் ஒருவரைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். அண்ணா அவர்களைக் கோபிக்கவில்லை. "வசந்தத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்பவும் சரியில்லை என்றால் நானே விலகுகிறேன்" என்றார். இராணுவத்திலிருந்து விலகி வீட்டோடு வந்திருந்தார், பகலில் லொறி ஓட்டினார். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்.

அப்படி ஒரு பின்னேரம் அப்பா பனி வழிக்கும் சவளை எடுக்கக் கராஜுக்குள் போனார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அண்ணா நிலத்தில் உட்கார்ந்து, கிற்றாரின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தார். எலும்பு வழியாகவாவது சத்தம் உள்ளே போகாதா என்று பார்த்தாராம்.

"நோகுதா?" வருடக்கணக்கிற்குப் பிறகு அப்பா அண்ணாவிடம் கேட்ட முதல் கேள்வி.

அண்ணா நிமிர்ந்தார். எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவர், அன்று தமிழில் சொன்னார். "இல்லை அப்பா. ஆனா அங்க சரியாப் பயந்தனான். ஒவ்வொரு நாளும் பயந்தனான்."

அப்பா பழைய கார் ரயர் ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார். "ஆமிக்காரனுக்கும் பயம் இருக்கும் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை" என்றார். பிறகு, "பாடு. நான் கேக்கிறன்."

அப்பா சின்ன வயதில் பண்ணோடு தேவாரம் பழகியவர். கன்ட்ரிப் பாட்டின் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது, சுருதி மட்டும் துல்லியமாக விளங்கும். குரல் இறங்கினால் விரலை மேலே தூக்குவார், ஏறினால் கீழே காட்டுவார், சரியென்றால் உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலையால் வந்து முகம் கழுவியதும் இருவரும் கராஜில். ஒரே வரியை நாற்பது தடவை. அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போய்க் கிடக்கும். ஒருநாள் அண்ணா களைத்துக் கிற்றாரைக் கீழே வைத்தார். "எடு" என்றார் அப்பா. "காது போனா என்ன, தொண்டை இருக்குத்தானே. தொண்டைக்குப் பழக்கு." அப்படித்தான் நடந்தது. எந்தச் சுரத்துக்குத் தொண்டை எவ்வளவு இறுகுகிறது, நெஞ்சில் எங்கே அதிர்கிறது என்று அண்ணா உடம்பால் மனப்பாடம் செய்தார்.

வசந்தத்தில் குழுவினர் வந்து அவர் பாடியதைக் கேட்டார்கள். உடனே அடுத்த கச்சேரியின் திகதியைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அது ஊர்ச் சந்தைத் திடலில். வைக்கோல் கட்டுகளின்மேல் ஆட்கள், இறைச்சி வாட்டும் புகை. மேடைக்கு நேரெதிரே, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு அப்பா, கையைத் தூக்கியபடி. முதல் பாட்டில் விரல் இரண்டு தடவை அசைந்தது. இரண்டாவதில் ஒரு தடவை. மூன்றாவது பாட்டின் நடுவில் அப்பா கையை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அண்ணா அதைக் கண்டார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எனக்குப் பக்கத்தில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

இன்று அண்ணாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வாரக் கடைசிகளில் இன்னும் பாடுகிறார். அவரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது அன்று கச்சேரி முடிந்த பிறகு நடந்ததைத்தான். ஆட்கள் அவரைச் சூழ்ந்து கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களை விலக்கிக்கொண்டு கிட்டப் போய், அண்ணாவின் வலது காதருகே குனிந்தார்.

"கடைசிப் பாட்டில ஒரு இடம் கொஞ்சம் கீழ போயிட்டுது. நாளைக்குப் பாப்பம்."

"ஓம் அப்பா" என்றார் அண்ணா.