கொண்டை மட்டும் தெரிந்த கச்சேரி

என் அக்காவுக்கு வீட்டில் டமாரம் என்று பேர். வைத்தது நான்தான். பெரிய இசைக்குழு ஒன்றில் கடைசி வரிசையில் நின்று தாளக் கருவிகள் வாசிப்பது அவள் வேலை. வயலின்காரர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே சும்மா நிற்பாள். தன் இடம் வந்ததும் பித்தளைத் தட்டுகளை ஒரே ஒரு மோது.

"இதுக்குச் சம்பளம் வேறயா?" என்பேன்.

"தப்பான இடத்துல தட்டாம இருக்கத்தான்டா சம்பளம்."

அம்மா ஒரு கச்சேரியையும் விடமாட்டாள். ஆனால் பெரிய முரசுக்குப் பின்னால் அக்காவின் கொண்டை மட்டும்தான் தெரியும். "வாசிக்கும்போது அவ முகம் எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது பார்த்துடணும்" என்று புலம்பிக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் அதற்கும் வேளை வந்தது. தாளக் கருவிகளுக்கென்றே ஒருவர் புதிதாக ஒரு கான்செர்ட்டோ எழுதியிருந்தார். மேடையின் முன்னால் ஒரே ஆள், பின்னால் குழு முழுவதும். அந்த ஒரே ஆள் அக்கா! மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய மரிம்பா, முரசுகள், தொங்கும் வெண்கலத் தட்டுகள், ஒரு லாரி பிரேக் டிரம் எல்லாவற்றுக்கும் நடுவே ஓடி ஓடி வாசிக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் அவள் ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்க, கடைக்காரர் "விரிசல் எதுவும் இல்லம்மா" என்று சத்தியமே செய்துவிட்டார். கண்ணை மூடினாலும் கை தானாகப் போகுமளவுக்குப் பழகினாள்.

எந்தக் கருவி எங்கே என்று அவளே படம் வரைந்து மேடைப் பணியாளர்களிடம் கொடுத்தாள். படத்தில் தான் நிற்கும் பக்கத்தைக் கீழே போட்டிருந்தாள். அவர்களுக்கோ கீழ்ப்பக்கம் என்றால் எப்போதும் பார்வையாளர்கள். கடைசி வரிசைக்காரியிடம் அதுவரை யார் படம் கேட்டார்கள், இதெல்லாம் தெரிய? எல்லாவற்றையும் அப்படியே திருப்பி வைத்து, திருகாணிகளையும் இறுக முறுக்கிவிட்டார்கள். அவள் வந்து பார்த்தபோது அரங்கம் நிறைந்துகொண்டிருந்தது.

"மாத்த நேரமில்ல. இன்னைக்கு வேற ஏதாவது வாசிச்சுடலாம்" என்றார் முன்னால் நின்று கோல் அசைத்துக் குழுவை நடத்துபவர்.

அக்கா சுற்றி வந்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். இடம், வலம் எல்லாம் கைக்குச் சரியாக வந்தது.

"நீங்க தினமும் முதுகு காட்டித்தானே சார் நிக்கறீங்க? நானும் ஒரு நாள் காட்டிட்டுப் போறேன்."

முதல் வரிசையில் அம்மா தலையில் கைவைத்தாள். "இன்னைக்கும் கொண்டைதானா?"

ஆனால் வாசித்தாள் பாருங்கள்! திரும்பி நின்றதால் கைகள் பறந்த பறப்பு முழுக்கத் தெரிந்தது. பிரேக் டிரம்மின் கடைசி அடி அடங்கும்வரை ஓர் இருமல் இல்லை. கேலி பேசியே பழகிய நான் எழுந்து நின்று கைதட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

முடிந்ததும் அம்மா நேராக மேடைக்குப் பின்னால் போனாள். அன்று அக்காவின் பழைய இடத்தில் நின்று தட்டு வாசித்தவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீங்க எதிர்ல நின்னீங்களே. அவ முகம் எப்படி இருந்துச்சு?"

அவர் தயங்கினார். "நான் எண்ணிக்கிட்டே இருந்தேம்மா. நடுவுல ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதைப் பார்த்ததுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. நான் தட்டவே இல்லம்மா."