கரி பஸ்ஸும் என் வீட்டுக்காரர் ஓட்டமும்

என் வீட்டுக்காரருக்கு ஓட்டம் போய்விட்டதா இல்லையா என்பதில் ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை என்னிடம் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. குழாயடியில் குடத்தை இறக்கினால் போதும், யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"மதினி, அண்ணே காலையில எந்திரிக்கையில முட்டியப் பிடிச்சுக்கிட்டா எந்திரிக்கிறாரு?"

இன்னொருத்தர் கேட்பார்: "காலுக்கு என்ன எண்ணெய் போடுறீக? வேப்பெண்ணெயா, விளக்கெண்ணெயா?"

கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது? "ரெண்டு எண்ணெயும் உங்க தலைக்குத்தான் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டு வருவேன். அதற்கும் சிரிப்பார்களே தவிர, மறுநாள் வராமல் இருக்கமாட்டார்கள்.

யுத்த காலம் அது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எதற்கு வரிசையில் நின்றாலும் பேச்சு மட்டும் புட்பால்தான். அவர் மில் டீமில் பேக் ஆடினார். அதாவது கோலுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கிற வேலை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகுநாள் முந்தியிலிருந்தே வெறுங்காலோடு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று என் மாமியாரைக் கேட்டால், வைகையில் பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன் என்பார். எந்த வெள்ளம் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் ரயில்வே டீமில் புதிதாக வந்த ஓர் ஓரத்து ஆட்டக்காரன். நூல் மாதிரி இருப்பான். ஒரு மேட்ச்சில் பந்தை இவருக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டு, இவருக்கு இந்தப் பக்கமாக ஓடிப்போய் கோல் போட்டுவிட்டான். இவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கே ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது.

ஓட்டம் போயிருச்சு கட்சிக்குத் தலைவர், எங்கள் தெருவிலேயே குடியிருந்த பஸ் டிரைவர். திண்டுக்கல் ரோட்டில் கரி பஸ் ஓட்டுகிறவர், தட்டில் வைத்துத் தாங்கலாம் போல மீசை. "அந்த ஆளுக்கு ஓட்டம் இருக்குன்னு எவனாச்சும் காட்டுங்கப்பா, இந்த மீசைய எடுத்துடுறேன்" என்று அறிவித்திருந்தார். ஓட்டம் போகல கட்சிக்கு முக்குக் கடையில் வெற்றிலை விற்கிறவர் தலைவர். அவர் பதிலுக்குத் தன் குடுமியை வைத்தார். மீசையையும் குடுமியையும் பணயம் வைத்த பிறகு இரண்டு கட்சியும் எப்படி இறங்கிவரும்?

எனக்கு மீசையும் வேண்டாம், குடுமியும் வேண்டாம். மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. டீமில் இருப்பவர்கள் சாயங்காலம் பழகவேண்டும் என்பதால் அவர்களுக்கு எப்போதும் பகல் ஷிப்ட். டீமை விட்டு எடுத்துவிட்டால் ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் வரிசை வீடுகளில் ராத்திரி ஷிப்ட்டுக்காரர்களின் பெண்டாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். புருஷன் வருகிறபோது இவள் தண்ணிக்குப் போவாள், இவள் படுக்கிறபோது அவன் கிளம்புவான். எனக்கு என் புருஷன் ராத்திரியில் வீட்டில் இருக்கவேண்டும். இதை வெட்கப்படாமல் சொல்ல எனக்கு இந்த வயசு ஆகவேண்டியிருந்தது.

கோப்பைக்கான கடைசி மேட்ச் அதே ரயில்வே டீமோடு. ஆட்களைப் பொறுக்குகிற ஸ்பின்னிங் மாஸ்டர், இவரைச் சேர்ப்பதா எடுப்பதா என்று தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் தாடை தேய்கிறதோ இல்லையோ, என் ஈரக்குலை தேய்ந்தது.

அதற்கு நடுவில் வாடிப்பட்டியில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமன் மாலையோடு வந்து சேராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். இவர்தான் மாமன். காலையிலேயே சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஏறிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் மீசை உட்கார்ந்திருக்கிறது. கொடிக்காலுக்கு வெற்றிலை எடுக்கப் போவதற்காகக் குடுமியும் உட்கார்ந்திருக்கிறது. மீதி ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கட்சி, பாதிப்பேர் இந்தக் கட்சி.

கரி பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் ஒரு பெரிய உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். கிளீனர் பிடியைச் சுற்றிச் சுற்றித் தீயை ஊதவேண்டும். ஒரு தடவை அணைந்தால் மறுபடி கிளம்புவதற்குள் ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவலாம். மேடு வந்தால் ஆம்பளைகள் இறங்கித் தள்ளவேண்டும்.

விளாங்குடியில் சாம்பலைத் தட்ட பஸ் நின்றது. அப்போதுதான் இவருக்கு மாலை வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. "இந்தா வாரேன்" என்று இறங்கினார். இவர் பூக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே தீ பிடித்துக்கொண்டு, பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்துவிட்டது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஏறல!" என்றேன்.

"தங்கச்சி, நிறுத்துனா அணைஞ்சு போயிரும். ஓடி வந்து ஏறிக்கிறட்டும். அவருக்குத்தான் ஓட்டம் இருக்குதாமே" என்றார் டிரைவர். மீசை ரெண்டு பக்கமும் ஏறி இறங்கியது.

அவ்வளவுதான், பஸ் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பின்பக்கம் புகை. புகைக்குள்ளே இவர், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வருகிறார். கை இடைஞ்சலாக இருந்தது போல, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"வாராரு! வாராரு!" என்று வெற்றிலைக் கடைக்காரர் தகரத்தைத் தட்டினார்.

"எங்க வாராரு? அப்படியேதான் இருக்காரு" என்றது எதிர்க்கட்சி.

நிறுத்துங்க என்று கத்த வாயைத் திறந்தேன். நிறுத்தினால் இவர் தோற்றதாகிவிடுமே என்று பயந்து வாயை மூடினேன். மறுபடி திறந்தேன். பக்கத்தில் இருந்த கிழவி, "ஏத்தா, உனக்கு மயக்கம் கியக்கம் வருதா?" என்று விசிற ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் ரோட்டில் இவரைக் காணோம்.

"உக்காந்துட்டார்யா!" என்று ஒருத்தர் துண்டை வீசினார். "எடுத்துரு குடுமிய!" வெற்றிலைக் கடைக்காரர் தன்னையறியாமல் பின்னந்தலையைப் பொத்திக்கொண்டார். என் காதுக்குள் ராத்திரி ஷிப்ட் சங்கு ஊதியது.

விளாங்குடி தாண்டி ரோடு கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பெரிய வளைவு போகும். பஸ் அதை முக்கி முனகி முடித்து நேரானது. நடுரோட்டில், எங்களுக்கு முன்னால், கழுத்தில் மாலையோடு ஓர் ஆள் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அறுப்பு முடிந்த வயலில் குறுக்கே விழுந்து வந்திருக்கிறார். கல்யாணத்தன்று மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, சீர்த்தட்டில் இருந்த வெல்லம் உருண்டு கிழவி மடியில் விழுந்தது.

டிரைவருக்கு வேறு வழியில்லை, பிரேக்கை மிதித்தார். பஸ் அணைந்தது. கிளீனர் தலையில் அடித்துக்கொண்டு பிடியைச் சுற்றப் போனார்.

"குறுக்க வந்தது எப்படிய்யா ஓட்டம் ஆகும்?" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"பேக் ஆடுறவன் பந்துக்குப் பின்னாலயே போவணும்னு எவன் சொன்னான்? பந்து எங்க வருதோ அங்க நிக்கணும். அம்புட்டுத்தான்!" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

"அப்ப ஓட்டம் போயிருச்சுன்னு நீயே ஒத்துக்கிற?"

"வயலு என்ன ஓடியா வந்து அவரைத் தூக்கிட்டு வந்துச்சு?"

இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க இரண்டு கட்சியும் முகத்தருகே குனிந்தது. வெற்றிலைக் கடைக்காரர் சமயோசிதமாக ஒரு வெற்றிலைச் சுருளை இவர் வாயில் திணித்துவிட்டார். இவர் வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே சமாளித்தார். முந்தானைக்குள் அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. பஸ் மறுபடி கிளம்புகிறவரை அவருக்கு மூச்சு அடங்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

காது குத்தியாயிற்று, பிள்ளை அழுது முடித்தது, நாங்கள் வீடு திரும்பினோம். கதை எங்களுக்கு முன்பே திரும்பியிருந்தது. மில் கேட்டில் கரி பஸ் நல்ல பெட்ரோல் பஸ்ஸாகிவிட்டது. நூல் சுற்றுகிற இடத்துக்குப் போனபோது மிலிட்டரி லாரி. கடைசியாக என் காதுக்கு வந்தபோது இவர் ரயிலை மறித்திருந்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் தாடையை விட்டுக் கையை எடுத்தார். இவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மேட்ச் பார்க்கப் பெண்பிள்ளைகள் போகிற வழக்கம் அப்போது இல்லை. ஆனால் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை இழுத்துக்கொண்டு, காலிக் கூடை ஒன்றைத் துணியால் மூடி, கோலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தடியில் கடலை விற்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அதில் ஒரு தொல்லை, ஆட்கள் வந்து கடலை கேட்டார்கள். "இன்னும் வறுக்கல" என்று அக்கா ஒவ்வொருவரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். வறுக்காத கடலையை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் இவர் ஓடவே இல்லை. அந்த நூல் பையன் எந்தப் பக்கம் வருவானோ அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே போய் நின்றார். அவன் வர, இவர் நிற்க, அவன் வர, இவர் நிற்க. பார்க்கிற எனக்கே அவன்மேல் பாவமாகிவிட்டது.

முடியப்போகிற சமயம். அவன் நடுவிலே பந்தை வாங்கி ஒரே தட்டாகத் தட்டிவிட்டு, இவரைத் தாண்டிவிட்டான். இந்தத் தடவை குறுக்கே வர வயல் இல்லை. இவர் பின்னால் ஓடினார். ஓடினார், ஓடினார், தூரம் கூடிக்கொண்டே போயிற்று. நான் அக்காவின் கையைக் கிள்ளி ரத்தம் வரவைத்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பையனும் பஸ் கதையைக் கேட்டிருக்கிறான்! பின்னால் பார்த்தான், கிட்டத்தில் இவரைக் காணோம். முன்னால் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். எந்தப் பக்கத்திலிருந்து மாலையோடு வந்து நிற்கப்போகிறாரோ என்று பயந்து, கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே அவசரமாக உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய், புளியமரத்தில் பட்டு, கிளையிலிருந்து உருண்டு என் கூடைக்குள் விழுந்தது.

பந்தெடுக்க இவர்தான் வந்தார். வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"கடலை விக்கிறேன்."

முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். மூச்சு இரைத்தது. "போயிருச்சு புள்ள" என்றார் மெதுவாக. "ஓட்டம் போயிருச்சு."

இத்தனை மாதம் ஊரே என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, அவர்மேல் ஆசைதான் வந்தது. பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"போனாப் போகுது. உங்கள இப்ப யாரு ஓடச் சொன்னா? ஒரு கோல் நம்மதான் கூட. மெதுவா நடந்து போங்க. நல்லா மெதுவா."

என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார் பாருங்கள் ஒரு நடை! ஒரு காலில் முள் இருக்கிறதா என்று நின்று பார்த்தார். மறு காலில் இருக்கிறதா என்று பார்த்தார். ரெப்ரி கையை ஆட்டிக் கத்தினார். ரயில்வேக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். "பாத்தியா, ஓட்டம் சுத்தமாப் போயிருச்சு" என்று டிரைவர் குரல் கேட்டது. "போனதுனாலதான்யா ஜெயிக்கிறோம்" என்று வெற்றிலைக் கடைக்காரர் பதிலுக்குக் கத்தினார். இவர் பந்தைக் கோடு ஓரம் வைத்து, அது சரியாக இல்லை என்று எடுத்துத் துடைத்து மறுபடி வைக்கும்போது விசில் ஊதிவிட்டார்கள்.

மீசையும் பிழைத்தது, குடுமியும் பிழைத்தது. யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன். ராத்திரிக்கு அவர் வீட்டில் இருப்பார், சோறு ஆக்கவேண்டும்.