ஆல்வீனே கொடுத்த செடிகள்

ஸ்மில்தெனெ ஊரில் ஆல்வீனேயின் செடி இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பியோனி, ஃப்ளாக்ஸ், வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, வேலியோரத்து லைலாக் என்று எதைக் கேட்டாலும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவாள். மண் உறைந்து, மேலே இருப்பதெல்லாம் கருகி, வேரில் மட்டும் உயிரை வைத்திருந்து வசந்தத்தில் திரும்பி வருகிறதுதான் அவளுக்குச் செடி. டாலியாக் கிழங்கைத் தோண்டி எடுத்து நிலவறையில் தூங்கவைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். "அது செடியா, சீமான் வீட்டுப் பிள்ளையா?" என்பாள்.

வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நன்றி சொல்ல மாட்டார்கள். கொடுத்த செடிக்கு நன்றி சொன்னால் அது வேர் பிடிக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். செடியைப் பையில் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று எதையாவது பேசிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். தபால் நிலையத்து ஸெல்மா ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"வச்சிட்டுப் போடி அதை. நாளைக்கு வந்து வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

"அப்ப வேலியைத் தாண்டி வந்து திருடிட்டுப் போ. திருடினது இன்னும் நல்லா வளரும்."

இந்த வழக்கம் ஆல்வீனேக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டில் நன்றி மிதமிஞ்சிக் கிடந்தது.

ஹாரல்ட்ஸுக்கு அவள் இரண்டாம் தாரம். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மூத்த தாரம் ரூதா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. ரூதாவின் மகள் சார்மீதெ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அடம்பிடிக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. சூப் ஊற்றினால் நன்றி. கையுறை பின்னிக் கொடுத்தால் நன்றி. காய்ச்சலில் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், கண் திறந்ததும் "நன்றி, ஆல்வீனே அத்தை." பெற்றவளிடம் யாராவது இப்படி அப்போதைக்கப்போது கணக்குத் தீர்ப்பார்களா?

"பொண்ணு மரியாதை தெரிஞ்சவ. உனக்கு அதுல என்ன குறை?" என்றார் ஹாரல்ட்ஸ்.

"அந்த மரியாதை பேக்கரிக்காரிக்கும்தான் கிடைக்குது."

ஹாரல்ட்ஸ் நல்ல மனுஷன். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் சுத்த மரக்கட்டை.

சார்மீதெ கல்யாணமாகி, தன் அம்மா பிறந்த ஏரிக்கரை ஊருக்கே குடிபோனாள். அவள் கிளம்புகிற அன்று ஆல்வீனே தோட்டத்திலேயே வயதான பியோனியின் கிழங்கைப் பிளந்து, நல்ல முளைக்கண்கள் உள்ள பாகத்தை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். சூப்புக்கு நன்றி சொல்கிறவள் செடிக்காவது சொல்ல மாட்டாள், இந்த ஒன்றையாவது வீட்டுப் பெண் மாதிரி வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாள். அதற்காகத்தான் கொடுத்தாள் என்றே சொல்லலாம்.

"கண்ணு ரெண்டு விரக்கடைக்குக் கீழ போகக் கூடாது. ஆழமா நட்டா வெறும் இலைதான் வரும்."

"சரி. ரொம்ப நன்றி, ஆல்வீனே அத்தை."

வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஊரிலேயே வளர்ந்தவளுக்கு வழக்கம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆல்வீனே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அப்படியும் விடவில்லை. ரூதாவின் கல்லறை அந்த ஏரிக்கரை ஊரில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் கல்லறைத் திருநாள் ஆகஸ்டில்தான் வரும்; அன்றைக்கு ஹாரல்ட்ஸ் அங்கே போவார். மூத்தவள் கல்லறையில் இளையவள் போய் நிற்பது அழகில்லை என்று ஆல்வீனே ஒதுங்கிக்கொள்வாள். ஆனால் ஃப்ளாக்ஸோ ஹைட்ரேஞ்சியாவோ ஏதாவது ஒன்று அவரோடு போகும். திரும்பி வந்ததும், "போன தடவை கொடுத்தது பிழைச்சுதா?" என்று கேட்பாள். "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் ஷூவைக் கழற்றக் குனிந்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஹாரல்ட்ஸ் தெளிவாகப் பேசினார். "அங்க மூணு பேருக்கு இடம் இருக்கு. அந்தப் பக்கம் ரூதா, நடுவுல நான், இந்தப் பக்கம் நீ. சார்மீகிட்டயும் சொல்லிட்டேன்." உயிரோடு இருக்கும்போது கிடைக்காத இடம் அப்படியாவது கிடைக்கட்டும் என்று ஆல்வீனே அதை நம்பியே நாளைத் தள்ளினாள்.

ஹாரல்ட்ஸ் ஒரு ஆகஸ்டில் கண்ணை மூடினார். சவப்பெட்டியோடு ஆல்வீனே முதல் தடவையாக அந்தக் கல்லறைக்கு வந்தாள். பைன் மரங்களுக்கு அடியில், அங்கத்து வழக்கப்படி வாரிக் கோடு போட்ட மணலுக்கு நடுவே, ரூதாவைச் சுற்றித் தன் தோட்டமே நிற்பதைப் பார்த்தாள். அவளுடைய ஃப்ளாக்ஸ். அவளுடைய ஹைட்ரேஞ்சியா, ஆள் உயரத்துக்கு. குழி வெட்டியவர்கள் வழியிலிருந்த, சார்மீதெக்குக் கொடுத்த அந்தப் பியோனியைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவைத்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் இங்கயா வச்சே?"

"அம்மாவுக்குப் பூன்னா உசிரு. உங்க செடி ஒண்ணுகூடச் சாகல," என்றாள் சார்மீதெ.

முதலில் ஆல்வீனேக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கொடுத்ததில் ஒரு கிளையைக்கூட அந்தப் பெண் தன் வாசலுக்குக் கொண்டுபோகவில்லை.

மண்ணைத் தள்ளி, மேட்டின்மேல் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளைப் பரப்பியபின், வந்தவர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். பியோனியின் வேர் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது.

"இதை எங்க வைக்கறது?" என்றாள் சார்மீதெ.

மீதி இருந்தது ஒரே இடம், ஹாரல்ட்ஸுக்கு இந்தப் பக்கம், ஆல்வீனேக்கென்று அவர் சொல்லிவைத்தது. இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தார்கள். பியோனியை நட்டால் நட்டதுதான், ஆள் ஆயுசுக்கு நிற்கும். அடிக்கடி இடம் மாற்றினால் பூவை மறந்துவிடும். இது சார்மீதெக்கும் தெரியாததல்ல.

"எனக்கு இப்ப அவசரமில்ல. இது காத்திருக்காது," என்றாள் ஆல்வீனே. மண்வெட்டியை எடுத்து அங்கே தோண்ட ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் தோண்டினாள். அங்க வேண்டாம், அது உங்க இடம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நிறுத்தியிருப்பாள். கிழங்கை இறக்கினாள், கண்களை விரலால் அளந்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

சார்மீதெ குழாயடிக்குப் போய், செடிக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்து வந்தாள்.